கொடியை இழுத்தது நான்

மூன்று வருடங்களுக்கு முந்திய ஏப்ரல் மாதம். சித்திரை வருடப்பிறப்பு முடிந்து கடைத்தெருவில் சனம் குறைந்து போயிருந்த வாரம். ஹட்டன் நகரில் எனக்கு ஒரு சிறிய துணிக்கடை இருக்கிறது. வாப்பா காலத்துக் கடை. பண்டிகைக்கு முந்திய ஒரு மாதம் உட்கார நேரம் இருக்காது. பண்டிகை முடிந்த மறுநாளிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். அப்படி ஒரு நாளில்தான் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நான் சைக்கிளில் கிளம்பினேன்.

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு ஏன் சைக்கிள் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். சீனி வருத்தம், நீரிழிவு. "உடம்பை அசைக்காவிட்டால் இனி ஊசிதான்" என்று டொக்டர் சொல்லிவிட்டார். நடக்க எனக்குச் சலிப்பு. கண்டியில் ஒருவர் பாவித்த கியர் சைக்கிள் ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். முதல் வாரம் நகரத்து ஏற்றத்தில் தள்ளிக்கொண்டுதான் போனேன். கடை வாசலில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். மூன்று மாதத்தில் அந்த ஏற்றத்தை மிதித்தே ஏறினேன். அதற்குப் பிறகு எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

என்னோடு வந்தவர் என் பள்ளித் தோழர். ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறார். பழைய சுவர், பழைய கல் எதைக் கண்டாலும் நின்றுவிடுவார். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், பெரிய பாறை ஒன்றின் அடியில் பழங்கால எழுத்துப் போல ஏதோ வெட்டியிருக்கிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். பாடசாலை திறப்பதற்கு முன் அதை எப்படியும் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு மாதமாக என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். டிக்கோயா வரை பெரும்பாலும் இறக்கம். காதில் காற்று அடிக்க, இரண்டு பக்கமும் தேயிலை ஈரத்தோடு மினுங்க, நான் இத்தனை வருடம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போன பாதையா இது என்று இருந்தது. பாதையோரத்து நீர்த்தேக்கத்தின் மேல் பனிப்புகார் எழுந்து நின்றது. அதைப் பார்த்தபடி ஒரு மேட்டில் இருக்கும் பழைய கல் தேவாலயத்தில் முதலில் நிறுத்தினோம். பின்பக்கம் வெள்ளைக்காரர்களின் கல்லறைகள். தோழர் ஒவ்வொன்றாகக் குனிந்து வாசித்தார். இருபத்தாறு வயது, முப்பத்தொரு வயது, நான்கு மாதக் குழந்தை. காய்ச்சலிலும் கொலராவிலும் போனவர்கள்.

"இவங்களுக்காவது பேர் எழுதின கல்லு இருக்கு மச்சான்," என்றார் அவர். "காட்ட வெட்டி ரோட்டுப் போட்ட நம்ம ஆளுகளுக்கு அதுவும் இல்ல." அவருடைய கொள்ளுப்பாட்டன் திருச்சிப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர்.

நோர்வூட் தாண்டியதும் ஒரு தோட்டத்துக் கோயிலில் தண்ணீர் குடிக்க நின்றோம். முதன்முதலில் வந்தவர்கள் ஊரிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்த கல் என்று பூசாரி ஒன்றைக் காட்டினார். முழங்கை நீளம்கூட இல்லை. எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. இன்னும் கொஞ்சம் மேலே, தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்துக் களஞ்சியத்தின் இடிந்த சுவர். மூன்று அடி அகலக் கருங்கல். அதன் மேல் பக்கத்து லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் போர்வை காயப் போட்டிருந்தார்கள். தோழர் அதைப் படம் எடுத்தபோது ஒரு பெண் ஓடி வந்து போர்வையை எடுக்கப் போனார். "இருக்கட்டுங்கக்கா, அதோட சேர்த்துத்தான் நல்லாருக்கு" என்று அவர் தடுத்தார். எனக்கும் அன்று எல்லாமே நன்றாகத்தான் இருந்தது. ஏற்றங்களில் மூச்சு வாங்கியது, தொடை எரிந்தது. ஆனாலும் மனம் பிள்ளை போல் துள்ளிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்குக் கொஞ்சம் பிந்தி அந்தப் பாறை இருக்கும் தோட்டத்துக்குள் திரும்பினோம். தார் முடிந்து கல் ரோடு. கொழுந்து நிறுக்கும் மடுவம் ஒன்று வழியில் இருந்தது. தகரக் கூரை போட்ட திறந்த கொட்டகை. அங்கே சைக்கிள்களைச் சாத்தினோம். பாறை மேலே தெரிந்தது. யானை படுத்திருப்பது போல, முன்பக்கம் குடை மாதிரிக் கவிந்து நின்றது. அதன் அடிவாரம் வரை தேயிலை. பதினைந்து இருபது பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்குத் தேத்தண்ணீர் காய்ச்சிக் கொடுக்கும் பெண் பாறைக்குக் கொஞ்சம் தள்ளி, காற்றுக்கு மறைவாக, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தார். அப்போது அடுப்பு அணைந்து சாம்பலாகத்தான் இருந்தது. எங்களைப் பார்த்ததும் வாளியில் மிச்சம் இருந்ததைத் தகரக் கோப்பையில் ஊற்றித் தந்தார். எனக்குச் சீனி கூடாது என்றேன். "இதுல எங்கங்க சீனி இருக்கு, பேருக்குத்தான் போட்டிருக்கேன்" என்று சிரித்தார். அந்த வெதுவெதுப்பான தேத்தண்ணீர் அன்று எனக்கு அமிர்தமாக இருந்தது.

நிரையின் ஓரத்தில் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு. இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டியிருந்தார். தேயிலைச் செடியின் வாதும் குச்சியும் கிழிக்காமல் இருக்க இந்தப் பெண்கள் எல்லோரும் கட்டும் தடித்த விரிப்பு அது. என் கடையில் சுருள் சுருளாக விற்பதுதான்.

"நீங்க டவுன்ல துணிக்கட மொதலாளிதானே?" என்றார். ஆம் என்றேன். தலைக்கவசமும் மஞ்சள் பெனியனுமாக என்னைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். எங்கே போகிறோம் என்று கேட்டார். பாறையைக் காட்டினேன். சிரிப்பு போய்விட்டது.

"வேணாங்க மொதலாளி. அங்கிட்டுப் போகாதீங்க. மேல பாருங்க, குளவி."

நிமிர்ந்து பார்த்தேன். கவிந்த பாறையின் விளிம்பில் கறுப்பாக, அரை வட்டமாக, முறம் அளவில் மூன்று நான்கு கூடுகள் தொங்கின. பாறையில் கட்டும் பெரிய தேனீக்கள். தோட்டத்தில் எல்லாவற்றையும் குளவி என்றுதான் சொல்வார்கள்.

"நாங்க அதுக்கிட்டப் போக மாட்டோம் தங்கச்சி. அடியில நிண்டு பார்த்திட்டு வந்திடுவோம்."

"இல்லங்க. நாங்களே அந்தக் கடசி நாலு நெரைக்குப் போறதில்ல. பேச்சுச் சத்தங்கூடக் காட்டுறதில்ல."

நான் தலையாட்டினேன். ஆனால் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். இருபத்தைந்து கிலோமீட்டர் மிதித்து வந்திருக்கிறோம். கூடுகள் இருந்ததோ எங்கள் தலைக்கு நாற்பது அடி மேலே. இன்னொன்றும் இருக்கிறது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. கொழுந்து பறிக்கும் ஒரு பெண் சொல்லி நான் திரும்பிப் போவதா என்ற எண்ணம் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. அப்போது அது இருந்ததே எனக்குத் தெரியாது.

பாறையடியில் தோழர் தேடத் தொடங்கினார். முகப்பு முழுவதும் காட்டுக்கொடி படர்ந்திருந்தது. ஒரு இடத்தில் இலைகளை விலக்கிப் பார்த்தவர் என்னைக் கையால் கூப்பிட்டார். வாய் திறக்கவில்லை. கண் இரண்டும் விரிந்திருந்தன. கல்லில் கொக்கி கொக்கியாக மூன்று கீறல்கள். நான்காவது கொடிக்குள் மறைந்திருந்தது. எழுத்துத்தான் போலிருந்தது. அவர் தொலைபேசியை எடுத்தார். கொடி குறுக்கே விழுந்துகொண்டே இருந்தது. ஒரு கையால் கொடியைப் பிடித்து மறு கையால் படம் எடுக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து, "தள்ளு மச்சான்" என்று நான் அந்தக் கொடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவது தடவை உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு இழுத்தேன்.

அந்தக் கொடி மேலே விளிம்பு வரை போயிருந்தது என்பதை நான் பார்க்கவில்லை. மேலே மண்ணும் சருகும் கொட்டின. பிறகு ஒரு சத்தம். தூரத்தில் லொறி ஒன்று ஏற்றத்தில் முனகுவது போல ஆரம்பித்து, ஒரு மூச்சுக்குள் தலைக்கு மேலே வந்துவிட்டது. தோழர் "ஓடு" என்று கத்தியது கேட்டது. அவர் வந்த வழியில் மடுவத்தை நோக்கிக் கீழே ஓடினார். எனக்குக் கழுத்தில் முதல் கொட்டு. நெருப்புக் கம்பியால் குத்தியது போல. அடுத்து காது, அடுத்து உதடு. கண்ணை மூடிக்கொண்டு கையை விசிறிக்கொண்டு ஓடினேன். எந்தப் பக்கம் ஓடுகிறேன் என்று தெரியவில்லை. பாறையின் ஓரமாக, எதிர்த்திசையில் ஓடியிருக்கிறேன்.

கீழே பெண்கள் அலறினார்கள். "படுங்கடி! படங்க இழுத்து மூடுங்கடி!" என்று யாரோ கத்தினார்கள்.

என் முதுகுப் பையை யாரோ பிடித்து இழுத்தார்கள். நிலைதடுமாறி மல்லாக்க விழுந்தேன். "ஓடாதீங்க! கைய வீசாதீங்க! கானுக்குள்ள படுங்க!" அந்தப் பெண்தான். கூடையைக் காணவில்லை, தலைத்துணியைக் காணவில்லை. தேயிலை நிரைகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் கானுக்குள் என்னை உருட்டிவிட்டார். இடுப்புப் படங்கை உருவி என் மேல் போட்டு, தானும் அதற்குள் குனிந்து, விளிம்புகளை மண்ணோடு சேர்த்து அழுத்தினார்.

படங்கு ஒரு ஆளுக்கு வெட்டியது. இரண்டு பேருக்குப் போதாது.

அந்த இருட்டில் நடந்தவை எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. மேலே படங்கில் ஆலங்கட்டி விழுவது போலக் குளவிகள் வந்து மோதின. உள்ளே அகப்பட்ட ஒன்றிரண்டை அவர் வெறுங்கையால் நசுக்கினார். நான் கலிமா சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் "மாரியாத்தா, மாரியாத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இடையிடையே, "மூஞ்ச மண்ணுல வையிங்க… அசையாதீங்க… போயிரும், போயிரும்" என்றார், குழந்தைக்குச் சொல்வது போல. கொஞ்ச நேரத்தில் அவர் குரல் மாறியது. சொற்கள் குழறின. பிறகு மூச்சு மட்டும், விசில் போல. அப்போதுதான் கண்ணை இலேசாகத் திறந்து பார்த்தேன். என் பக்கம் படங்கு முழுவதும் மூடியிருந்தது. அவருடைய தோளும் கழுத்தும் ஒரு கையும் வெளியே இருந்தன. என் பக்க விளிம்பை அழுத்திப் பிடித்திருந்த கை அது. அதை அவர் எடுக்கவே இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆண்கள் நனைத்த சாக்குகளைப் போர்த்திக்கொண்டு, புகையும் பந்தத்தோடு வந்து எங்களைத் தூக்கினார்கள். அவர் கண்கள் மூடியிருந்தன. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கொழுந்து ஏற்றும் லொறியில் எங்களைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் ஐந்து பேர், நான், தோழர். அந்தக் கல் ரோட்டில் லொறி குலுங்கக் குலுங்க, ஒரு முதிய தொழிலாளி அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்து, "கண்ணத் தொறடி, தொறந்து என்னப் பாருடி" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். நான் எதிரே சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பயணம் நான் போனதில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணை உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். எனக்கும் தோழருக்கும் ஊசி போட்டு, கொடுக்குகளைப் பிடுங்கி, வெளியே மர வாங்கில் உட்கார வைத்தார்கள். தோழருக்குச் சில கொட்டுகள்தான். என் முகம் எனக்கே சொந்தமில்லாதது போல வீங்கியிருந்தது.

அங்கேதான் எனக்கு உண்மையான சோதனை வந்தது.

தோட்டத்தின் வெளிக்கள உத்தியோகத்தர் வந்தார். கண்டாக்கையா என்று எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். பின்னாலேயே லயத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வாசல் நிறைந்துவிட்டது. எப்படி நடந்தது என்று அவர் கேட்டார். கழுகு கூட்டை அடித்திருக்கும் என்றார் ஒருவர். கண்டாக்கையா நம்பவில்லை. தேத்தண்ணீர் காய்ச்சும் பெண் ஒரு தூணோடு ஒட்டி நின்றிருந்தார். அவரைப் பார்த்து விரலை நீட்டினார்.

"எத்தன தடவ சொல்லியிருக்கேன், பாற கிட்ட அடுப்பு மூட்டாதன்னு? ஒன் பொகைலதான் கெளம்பியிருக்கு. இனிப் பெரட்டுக்கு நீ வரவே வேணாம்." பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம். வேலையே இல்லை என்று அர்த்தம்.

"ஐயா, அடுப்பு அணைஞ்சு ரொம்ப நேரமாச்சுங்கய்யா. சாம்பலத் தொட்டுப் பார்த்தாத் தெரியுங்கய்யா…" அவர் குரல் எழும்பவில்லை. சுற்றி நின்ற யாரும் அவருக்காகப் பேசவில்லை. உள்ளே ஒருத்தி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, அவர்களுக்கும் கோபப்பட ஒரு ஆள் தேவையாக இருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை.

அதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். வாய் வீங்கியிருந்தது என்று சொல்லலாம், ஆனால் பேச முடியாத அளவுக்கு வீக்கம் இல்லை. அந்தக் கூட்டத்தைப் பார்த்தேன். இளைஞர்கள் பலர், முகம் இறுகி நின்றார்கள். உண்மை தெரிந்தால் என்னை என்ன செய்வார்கள்? டவுனில் என் கடையின் பேர் என்ன ஆகும்? உள்ளே கிடக்கும் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பொலிஸ் வருமா? மனம் இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போனது. எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தவர் மூன்று முழம் தள்ளி நின்று முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோழர் என் முழங்கையைத் தொட்டார். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார் மெதுவாக. அவர் குரலில் கோபம் இல்லை. என்னைவிட அவருக்குத்தான் அதிக வெட்கம் போல இருந்தது. பாறையைப் பார்க்கக் கூட்டி வந்தவர் அவர்தானே.

எழுந்தேன். "அவங்கட அடுப்பால இல்ல. கொடிய இழுத்தது நான்," என்றேன். சத்தமாகச் சொல்ல நினைத்தேன், பாதிதான் வெளியே வந்தது. மறுபடியும் சொன்னேன். போக வேண்டாம் என்று தடுத்தார்கள், கேட்காமல் போனேன், கல்லில் இருந்த எழுத்தைப் பார்க்கக் கொடியை இழுத்தேன், அது கூட்டோடு சேர்ந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

லொறியில் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்த அந்த முதிய தொழிலாளிதான் முதலில் வாய் திறந்தார்.

"கல்லப் பாக்கவா வந்தீங்க? எங்களுக்குப் பள்ளம் எங்க, பாம்பு எங்க, குளவி எங்கன்னு தெரியும். அந்த மலைல நாங்க நெதம் நிக்கிறோம். ஒரு வார்த்த சொன்னா, அதக் கேட்டா உங்களுக்குக் கொறஞ்சா போயிரும்?"

அவர் இன்னும் நிறையச் சொன்னார். எல்லாம் நியாயம். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் என் முன்னால் வந்து நின்றார். உள்ளே கிடந்த பெண்ணின் கணவர். கையில் மனைவியின் செருப்பு ஒன்று. மற்றது மலையிலேயே கிடந்திருக்க வேண்டும். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நீங்க அவ படங்குக்குள்ளயா இருந்தீங்க?" என்று கேட்டார்.

"ஓம்."

என் வீங்கிய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவ அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு, போய் வார்ட் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

கண்டாக்கையா தேத்தண்ணீர்க்காரப் பெண்ணைப் பார்க்காமலே, "நாளைக்கு வேலைக்கு வா" என்றார். அந்தப் பெண் அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே இருப்பவர்களுக்குச் சுடுதண்ணீர் வாங்கிவரப் போனார்.

மூன்று மணிக்குப் பிறகு தாதி வந்து, ஆபத்து நீங்கிவிட்டது, மூச்சு சீராகிவிட்டது என்று சொன்னார். சிங்களத்தில்தான் சொன்னார், ஆனால் யாரும் மொழிபெயர்க்கக் காத்திருக்கவில்லை. கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன். வாப்பா மவுத்தாகி அடக்கம் செய்த அன்றுகூட நான் பிறர் முன்னால் அப்படி அழுததில்லை.

மறுநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். என்னைக் காப்பாற்றிய பெண்ணின் ஒரு கண் முழுவதும் மூடியிருந்தது. படங்கைப் பிடித்திருந்த கை இரண்டு மடங்கு பருத்து, துணி சுற்றித் தலையணை மேல் வைத்திருந்தார்கள். என் மனைவி அவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டாள். நான் நின்றுகொண்டே, கூட்டைக் கலைத்தது நான்தான் என்று அவரிடமும் சொன்னேன். சொல்லாமல் அந்த இடத்தை விட்டுப் போக முடியாது என்று தோன்றியது.

"தெரியுங்க மொதலாளி," என்றார். "நீங்க கொடியப் புடிச்சப்பவே பார்த்தேன். கத்தலாம்னு வாயத் தொறக்கிறதுக்குள்ள இழுத்துட்டீங்க."

ஆஸ்பத்திரி வாசலில் நான் அவ்வளவு பாடுபட்டு வெளியே கொண்டுவந்த உண்மை, இவருக்கு முதலிலிருந்தே தெரிந்த ஒன்று. தெரிந்துகொண்டே ஓடி வந்திருக்கிறார்.

"மத்தவங்க எல்லாம் படுத்திட்டாங்களே தங்கச்சி. நீங்களும் படுத்திருக்கலாமே. ஏன் எனக்கிட்ட வந்தீங்க?"

அவர் என்னை ஒரு கண்ணால் பார்த்தார். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல.

"நீங்க ஓடுன பக்கம் கல்லு ஒடச்ச பள்ளங்க. அறுவது அடி இருக்கும். கண்ண மூடிக்கிட்டுல ஓடுனீங்க."

அவ்வளவுதான் பதில். அதற்கு மேல் அதில் சொல்ல எதுவும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. பிறகு என் மனைவியிடம் திரும்பி, எங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார்.

கிளம்பும்போது, உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும், தயங்காமல் கேளுங்கள் என்றேன். என் மனதில் என்னென்னவோ இருந்தது. அவர் கொஞ்சம் யோசித்தார்.

"இப்ப சைக்கிள்லயும் மோட்டர் சைக்கிள்லயும் நெறையப் பேரு வாறாங்க மொதலாளி, படம் எடுக்க. வாறவங்களுக்குச் சொல்லி விடுங்க. நாங்க சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க."

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். ஆனால் குளவி கொட்டியதைவிட அது எனக்கு ஆழமாக ஏறியது.

மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் வேலைக்குத் திரும்பினார், அதே மலைக்கு. நான் தோட்டத்து அனுமதியோடு, ரோடு திரும்பும் இடத்தில் மூன்று மொழியிலும் ஒரு அறிவிப்புப் பலகை வைத்தேன். எழுதிக் கொடுத்தவர் தோழர். கல்லில் இருந்த அந்த மூன்று கொக்கிகள் என்ன எழுத்து என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவசரத்தில் அவர் எடுத்த படம் வெறும் இலையாகத்தான் விழுந்திருந்தது. திரும்பிப் போய் எடுக்கலாமா என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இப்போதும் நாங்கள் சைக்கிளில் போகிறோம். தெரியாத தோட்டத்துக்குள் நுழைந்தால் முதலில் நிறுத்தி, அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் காரணம் கேட்பதில்லை, திரும்பிவிடுகிறேன். அதைப் பழகுவது பெரிய காரியமாக இருக்கவில்லை.

பழகிக்கொள்ள முடியாதது வேறு ஒன்று. தன் சொல்லைக் கேட்காமல் போய் ஆபத்தை இழுத்து வந்தவன் இவன்தான் என்று கண்ணால் கண்ட பிறகும், அவன் ஓடுகிற பக்கம் பள்ளம் இருக்கிறது என்பது மட்டும் ஒரு மனிதருக்கு எப்படித் தெரிகிறது? நான் அந்த நிரையில் நின்றிருந்தால் எனக்கு எது முதலில் தெரிந்திருக்கும், அவன் குற்றமா, பள்ளமா என்று, அன்றிலிருந்து நான் யாரிடமாவது கோபப்படப் போகும் ஒவ்வொரு தடவையும் என்னையே கேட்டுப் பார்க்கிறேன்.